காது மெஷின்: டெஸ்டில் தொடங்கி பேட்டரி வரை என் அனுபவம்

எங்கள் வீதியிலேயே மூன்று பேர் காது மெஷின் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார்கள். நான் 2019-ல் வாங்கிய ஜோடியைக் காலையில் பல் துலக்கியதும் மாட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுகிறேன். விலை பார்த்தால் அவர்களுடையது என்னுடையதைவிட அதிகம். வாங்குவதற்கு முன்னால் எடுக்கிற டெஸ்டும், வாங்கிய பிறகு போய் உட்காருகிற ட்யூனிங்கும்தான் மெஷினைக் காதில் வைப்பதா பீரோவில் வைப்பதா என்று முடிவு செய்கின்றன என்பது என் கணக்கு. அதனால் டெஸ்டைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன்.

சோமனூர் பக்கம் ஷட்டில் தறிகளுக்கு நடுவே முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். தறி ஓடும் ஷெட்டுக்குள் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் சர்வ சாதாரணம். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் நிற்கலாம், 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். நாங்கள் நின்றது 12 மணி நேர ஷிஃப்ட். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தத்துக்குப் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. உள்ளே பேச்சே கிடையாது, எல்லாம் வாயசைவும் கைஜாடையும்தான். அதனால் காது போய்க்கொண்டிருப்பது ஷெட்டுக்குள் யாருக்கும் தெரியாது. வீட்டில்தான் தெரியும். "ஏனுங்க, கூப்பிடறது காதுல உளுகுதா இல்லீங்களா?" என்பாள் வீட்டுக்காரி. உரக்கச் சொன்னால், "எதுக்கு இப்படிக் கத்தறே?" என்பேன் நான். மெதுவாகப் பேசினால் கேட்காது, உரக்கப் பேசினால் தாங்காது. இது என் குணக்கேடு என்று வீட்டில் நினைத்தார்கள். உள்காது பழுதின் அடையாளமே இதுதான் என்று பிறகு ஆடியோலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் அளவைச் சோதிக்கிற நிபுணர், சொன்னார். கேட்க ஆரம்பிக்கும் அளவு மேலே ஏறிவிடுகிறது. தாங்க முடியாத அளவு பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் சுருங்கிப்போகிறது.

முதலில் போனது ஒரு கடைக்காரர் கல்யாண மண்டபத்தில் நடத்திய இலவச முகாம். தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள், ஐந்து நிமிடத்தில் டெஸ்ட் முடிந்தது. இரண்டு காதும் எல்லாச் சுருதியிலும் போயிருக்கிறது என்று சொல்லி, அங்கேயே மெஷினுக்கு முன்பணம் கேட்டார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஒரு இஎன்டி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அங்கே முதல் வேலை காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து குறும்பி எடுத்தது. குறும்பி அடைத்திருந்தால் டெஸ்டே தப்பாக வரும், சிலருக்குக் குறும்பி எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்து, முந்தின நாள் ஷெட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார். அதிகச் சத்தத்தில் நின்று வந்தால் காது தற்காலிகமாக மந்தமாகிவிடுமாம். ஓர் இரவாவது ஓய்வு கொடுத்துவிட்டு வந்தால்தான் நிஜமான அளவு தெரியும்.

சத்தம் புகாத சின்ன அறை. கனமான கதவு. ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சன்னமாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும், சந்தேகமாக இருந்தாலும் அமுக்கலாம். கேட்டால் சத்தத்தை 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். இப்படி இறக்கி ஏற்றி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதிக்கும் உங்கள் எல்லையைப் பிடிக்கிறார்கள். எனக்குக் காதில் எப்போதும் 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சல் உண்டு. வருவது டெஸ்ட் சத்தமா என் இரைச்சலா என்று குழம்பியது. அதைச் சொன்னதும் சத்தத்தை விட்டுவிட்டுத் துடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சிரமமில்லை. இப்படித் தொந்தரவு இருப்பவர்கள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வுக் கட்டையை வைத்து அதே டெஸ்ட். வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி, சத்தம் எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகும். எலும்பு வழியில் நன்றாகக் கேட்டு, காற்று வழியில் கேட்காவிட்டால் பழுது வெளியிலோ நடுவிலோ இருக்கிறது: அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, நீர்க்கட்டு. இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டு வழியிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் உள்காதில் பழுது. எனக்கு இரண்டாவது. ஒவ்வொரு காதிலும் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கிற மயிரணுக்கள் ஏறக்குறைய பதினைந்தாயிரம்தான் இருக்கின்றனவாம். பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டிவிடலாம். இவை அறுந்தால் அறுந்ததுதான், மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை.

கையில் கொடுத்த தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. என் வலது காது 500 ஹெர்ட்ஸில் 25, ஆயிரத்தில் 35, இரண்டாயிரத்தில் 50, நாலாயிரத்தில் 70, எட்டாயிரத்தில் மறுபடி மேலேறி 60. இடதும் ஏறக்குறைய அதேதான். நாலாயிரத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே, "மில்லா, தறியா?" என்று கேட்டார் ஆடியோலஜிஸ்ட். சத்தத்தில் வேலை பார்த்த காது முதலில் குழி விழுவது அங்கேதான். எட்டாயிரத்தை விட்டுவிட்டு முதல் நாலு எண்களின் சராசரி 45. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கில் 35 முதல் 50-க்குள் இருந்தால் மிதமான இழப்பு. 45 டெசிபல் என்றால் 45 சதவீதம் காது போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் யாருக்கு இதைச் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்றும் கேட்டார்கள். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் செவித்திறன் குறைபாட்டுக் கணக்கே ஆரம்பம். எனக்குக் கிடையாது.

இந்தத் தாள்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. 'ஆ', 'ஊ' மாதிரி உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன, அவை எனக்கு ஒழுங்காகக் கேட்கின்றன. ச, ஸ, த, க போன்றவற்றின் கூர்மை மேல் சுருதியில் இருக்கிறது, அது என்னிடம் இல்லை. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. காசு என்றார்களா காது என்றார்களா, தட்டா பட்டா என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் அந்த ஊகத்திலேயே தலை வலிக்கும்.

முகாம் டெஸ்டின் கோளாறும் அப்போதுதான் விளங்கியது. ஃபேன் இரைச்சல் தாழ்ந்த சுருதிகளை அமுக்கிவிடும். அங்கே எடுத்த டெஸ்டில் எனக்குத் தாழ்ந்த சுருதியும் போய்விட்டதாக வந்திருந்தது. அதை நம்பி மெஷின் வைத்தால் காதை முழுக்க அடைக்கிற ரப்பர் மொட்டைப் போட்டு, தேவையில்லாத இடத்திலும் சத்தத்தை ஏற்றியிருப்பார்கள். நம் குரலே மண்டைக்குள் முழங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மெஷினைக் கழற்றி வைத்ததற்குச் சொல்லும் காரணமும் இதேதான். எனக்கு வைத்தது காதுக்குப் பின்னால் உட்காரும் ரகம், ஸ்பீக்கர் மட்டும் மெல்லிய கம்பியில் காதுக்குள் போகும், மொட்டில் ஓட்டைகள் உண்டு. தாழ்ந்த ஓசை தானாக உள்ளே போகிறது, மேல் சுருதியை மட்டும் மெஷின் தூக்கிக் கொடுக்கிறது. காதுக்குள் சன்னமான குழாயை விட்டு, செவிப்பறைக்கு எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்தும் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை, கேட்டு வாங்குங்கள்.

முதல் சில வாரம் கஷ்டம்தான். பேப்பர் புரட்டுவது, குழாயில் தண்ணீர், மகளின் கொலுசு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. கரண்டி கீழே விழுந்தால் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி போய் உரத்த சத்தத்தின் உச்சத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வந்தேன். பேத்தி "அப்புச்சி" என்று அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டதற்கு நான் திரும்பியது வீட்டில் பெரிய செய்தி ஆகிவிட்டது.

முடியாததையும் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தால் இந்த மெஷினால் ஒன்றும் ஆகாது. மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் இரைச்சலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், எதிரே இருப்பவர் பேச்சு ஓரளவு வரும். ஆறடிக்கு அப்பால் பேசுவதற்கும் உத்தரவாதமில்லை. கொரோனா சமயத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டதும் தறி ஷெட்டில் பழகிய வாயசைவு வித்தையும் போயிற்று. மாஸ்க் கழற்றும்போது மெஷினும் சேர்ந்து பறக்கும். காது இரைச்சல் ஒழியவில்லை, மெஷின் போட்டிருக்கும்போது கவனத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் வெயிலுக்கு வியர்வைதான் பெரிய எதிரி. இரண்டாவது கோடையில் வலது ஸ்பீக்கர் செத்துப்போனது, சில ஆயிரம் செலவு. அதற்கப்புறம் ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். சத்தம் குறைந்தால் உடனே ரிப்பேருக்கு ஓட வேண்டாம். ஸ்பீக்கர் முனையில் குறும்பி தடுக்கிற பொட்டு அளவு வடிகட்டி ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதை மாற்றினால் சரியாகிவிடும். பேட்டரி 312, பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த பிறகு சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று. ஒரு காது மட்டும் திடீரென்று, ஒரே நாளில் அடைத்த மாதிரி ஆனால் மெஷின் கடைக்கு எல்லாம் போகாதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். அன்றைக்கே இஎன்டி டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் திரும்புகிற வாய்ப்பு உள்ள பழுது அது.

வருடா வருடம் அதே அறையில் டெஸ்ட் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுகிறேன். போன தடவை நாலாயிரத்தில் 75 வந்தது. 5 டெசிபல் வித்தியாசம் டெஸ்டுக்கு டெஸ்ட் வருவதுதான் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஜோடிக்கு வயதாகிவிட்டது, சார்ஜ் போடுகிற ரகத்துக்கு மாறச் சொல்கிறாள் மகள். விரல் மரத்துப்போனவர்களுக்கு அது வசதிதான். ஆனால் வெளியூரில் கரண்ட் இல்லாத இடத்தில் தங்கினால் என் சட்டைப்பையில் நாலு பழுப்பு பேட்டரி இருந்தால் போதும். அடுத்ததும் பேட்டரி ரகமே வாங்குவதாக இருக்கிறேன்.