யிட்டர்பியம் கலந்த பெரோவ்ஸ்கைட் நானோபடிகம்: 5 மில்லி குப்பி தேறுமா?

பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள, நானோமீட்டர் அளவிலான சீசியம் லெட் குளோரைடு படிகத்துக்குள் யிட்டர்பியம் என்ற அருமண் உலோகத்தின் அயனி. ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கலந்து வருகிறது. 365 நானோமீட்டர் டார்ச் அடித்தால் மங்கலான ஊதா மட்டும் தெரியும். சரக்கு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நல்ல சரக்கு அப்படித்தான் இருக்கும். படிகம் உறிஞ்சிய சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை இரண்டு யிட்டர்பியம் அயனிகள் பங்கு போட்டுக்கொண்டு, 980–990 நானோமீட்டரில் அகச்சிவப்பாக விடுகின்றன. ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு வரை கிடைக்கும்! ஊதா பளிச்சென்று அடித்தால்தான் சந்தேகம்: யிட்டர்பியம் சரியாக உள்ளே போகவில்லை.

நிறமாலைமானியில் அளக்கும்போது 850 நானோமீட்டர் லாங்பாஸ் ஃபில்டர் (அதைவிட நீண்ட அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டி) கட்டாயம். இல்லையென்றால் 405 நானோமீட்டர் ஊதாவின் இரண்டாம் வரிசை (கருவியின் கீற்றணி அதே ஒளியை இருமடங்கு அலைநீளத்திலும் காட்டுவது) 810-ல் போலி முகடாக வந்து நிற்கும். லேசரைக் கூட்டினால் ஒளி கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. யிட்டர்பியம் மில்லிவினாடிக் கணக்கில் கிளர்நிலையிலேயே இருப்பதால், கிளர்ந்த அயனிகள் சேரச் சேர விளைதிறன் (உறிஞ்சிய ஃபோட்டானுக்கு எத்தனை வெளிவருகிறது என்ற கணக்கு) சரியும்.

கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கண்ணாடிக் கலமான குவெட்டை அசிட்டோனில் கழுவினால் முழுக்க உலர்த்துங்கள். மிச்சம் இருந்தால் கரைசல் கலங்கி அடியில் படிந்துவிடும். ஈயம் இருக்கிறது, சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

பெரிய குறை: கூட வரும் தாளில் யிட்டர்பியம் எத்தனை சதவீதம் என்றே இல்லை.