காளைக்கன்றுக்குக் காயடிப்பும் எண்ணெயும்: ஆறு வருடம் செய்து பார்த்தது

வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டம். நாலு ஜெர்சி கலப்பு மாடுகள், அவற்றின் கன்றுகள், அப்புறம் விற்கவே கூடாது என்று மாமனார் வைத்திருக்கும் ஒரு காங்கேயம் பசு. கலப்பினத்தில் காளைக்கன்று பிறந்தால் பல கட்டுத்தறிகளில் என்ன நடக்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பத்து நாள் பால் காட்டுவார்கள். அதற்குப் பிறகு அது வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மூன்று மாதத்தில் வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும், விலா எலும்பை எண்ணிவிடலாம். எனக்கு அது மனசு ஒப்பவில்லை. 2019-லிருந்து எங்களிடம் பிறந்த 11 காளைக்கன்றுகளையும் கிடாரிக்கு, அதாவது பெண் கன்றுக்குக் காட்டிய அதே கவனத்தோடு வளர்த்தேன். ஒன்று செத்துப்போனது, அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றவற்றை வைத்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

காயடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு வேறு வழியில்லை. எங்கள் மாடுகள் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் மேய்பவை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் காயும் தின்று, கிடாரியும் காளையும் ஒன்றாகவே திரியும். எட்டு, ஒன்பது மாதத்திலேயே காளைக்கன்று ஏற ஆரம்பித்துவிடும். வயசுக்கு வராத உடம்போடு கிடாரி சினையாகும், அதுவும் சில சமயம் ஒரே தாய் வயிற்றுக் கன்றுக்கே. அப்படி 2020-ல் ஒரு கிடாரி கன்று போட முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழுவதில்லை.

எடையைப் பற்றிச் சொல்லும் முன் நான் எப்படி அளந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தராசு எங்களிடம் இல்லை. தையல் டேப்புதான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்பட்டை முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோக் கணக்கில் எடை வந்துவிடும். 40 அங்குலச் சுற்றளவும் 36 அங்குல நீளமும் உள்ள கன்று 87 கிலோ. அமாவாசைக்கு அமாவாசை அளந்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன்.

காயடிப்பு முறைகளில் எங்கள் மாமனார் காலத்தில் மரக்கட்டைகளுக்கு நடுவே விதையை வைத்து நசுக்குவார்கள். அந்தக் கொடுமையை அவரே இப்போது சொல்லக் கூசுகிறார். இப்போது பர்டிசோ இடுக்கி. தோலைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் விதை நரம்பை மட்டும் நசுக்கும். இடது வலது இரண்டையும் தனித்தனியாக, ஒரே கோட்டில் வராமல் மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். அப்போதுதான் பையின் தோலுக்கு ரத்த ஓட்டம் நிற்காது. ரத்தம் வராது, புண் இருக்காது, ஈ மொய்க்காது. நாலிலிருந்து ஆறு வாரத்தில் விதை சுருங்கிவிடும். ரப்பர் வளையத்தை ஒரு கன்றுக்குப் பிறந்த 20-ஆம் நாள் போட்டுப் பார்த்தேன். அது உதிர்ந்து விழ வாரக்கணக்கானது, அந்த இடத்தில் புழு வைத்தது. ரணஜன்னி (டெட்டனஸ்) பயம் வேறு. அதோடு விட்டுவிட்டேன்.

பர்டிசோவிலும் தவறு நடக்கும். ஒரு முறை அவசரத்தில் வேறு ஆளை அழைத்துச் செய்ததில் ஒரு பக்க நரம்பு தப்பிவிட்டது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பத்தாவது மாதம் அது கிடாரி மேல் ஏறியபோதுதான் தெரிந்தது. ஆகவே இரண்டு மாதம் கழித்து கையால் தடவிப் பாருங்கள். கெட்டியாக உருண்டையாகத் தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டி மறுபடி செய்ய வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வலியைப் பற்றி. 2021-ல் செவலை, கருப்பு என்று இரண்டு கன்றுகள், ஒன்பது நாள் இடைவெளியில் பிறந்தவை. ஐந்தாவது மாதம் ஒரே நாளில் காயடித்தோம். ஆளிவிதை எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 வீக்கத்தைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு, 15 நாள் முன்பிருந்தே இரண்டுக்கும் தினம் 30 மில்லி தவிட்டில் கலந்து கொடுத்து வந்தேன். டாக்டர் இரண்டுக்கும் மரப்பு ஊசி போட்டார். ஆனால் வலிமருந்தான மெலாக்சிகாம் பையில் ஒரு ஊசி அளவுக்குத்தான் இருந்தது. அது செவலைக்குப் போயிற்று. கருப்புக்கு மறுநாள் போடலாம் என்றார்.

மரப்பு ஊசியின் வேலை ஓரிரண்டு மணி நேரம்தான். மதியத்துக்கு மேல் செவலை படுத்து அசை போட்டது. கருப்பு பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்து நின்றது. நின்றபடியே வயிற்றைப் பார்த்துப் பார்த்துக் காலை உதறியது. வாலை ஒரு பக்கமாகவே பிடித்திருந்தது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், அப்படியே நின்றுகொண்டிருந்தது. வைத்த சோளத்தட்டு வைத்தபடி இருந்தது. மாமனார் வந்து அதன் கழுத்தைத் தடவிவிட்டு, "அம்மிணி, வாயில்லாத சீவன். நம்ம காலத்துல நாங்க எத்தனைய இப்புடி நிக்க வெச்சுப்போட்டோம்"னு சொன்னார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த அமாவாசைக்குச் செவலையின் நெஞ்சுச் சுற்றளவு 2 அங்குலம் கூடியிருந்தது, கருப்புக்கு 1 அங்குலம்தான். அதற்கடுத்த மாதம் கருப்பு எட்டிப்பிடித்துவிட்டது. எடை திரும்பிவிட்டது என்பதற்காக அந்த ராத்திரியை நான் மறக்கத் தயாரில்லை. எண்ணெய் இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் அந்த ஒரு ஊசி. 2023-இல் வந்த விலங்கு வதைத் தடுப்பு விதிகள், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மரப்பு மருந்து கொடுத்துத்தான் காயடிக்க வேண்டும் என்கின்றன. அதற்கு முன்பிருந்தே, வலிமருந்து ஊசி கையில் இருக்கிறதா என்று கேட்காமல் நான் கன்றைப் பிடித்துக் கட்டுவதில்லை.

காயடித்தால் வளர்ச்சி குறையுமா? குறையும், பொய் சொல்லக் கூடாது. ஆண் சுரப்புதான் சதையைப் போட வைக்கிறது. காயடிக்காமல் 14 மாதம் தனியாகக் கட்டி வைத்த ஒரு காளை, ஒரு வயதில் டேப் கணக்கில் 174 கிலோ இருந்தது. அதே வருடம் காயடித்தது 157. ஆனால் அந்தக் காளை இரண்டு முறை கயிற்றை அறுத்தது, ஒரு முறை என் வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டது. 17 கிலோவுக்காக அந்தப் பயத்தோடு இருக்க எங்களால் முடியவில்லை. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள், தை மாசியில், ஈயும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தால் சுணக்கம் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. வயது ஏற ஏறச் சுணக்கமும் வலியும் கூடும்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரம் முழுக்கக் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும்தான், அதனால் தேங்காய் எண்ணெயில்தான் ஆரம்பித்தேன். முதல் தவறு பாலில் கலந்தது. பாலை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, கன்றுக்குத் தண்ணீர்ப் பாலில் எண்ணெய் விட்டுக் கொழுப்பை ஈடுகட்டலாம் என்று நினைத்தேன். பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கலந்திருக்கும். நாம் ஊற்றும் எண்ணெய் மேலே மிதக்கும். மூன்றாம் நாளே கழிச்சல். கன்றுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு பால் கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, தீவனம் நன்றாகத் தின்னும் கன்றுக்கு 20 மில்லியில் தொடங்கி 50 மில்லி வரை தவிட்டில் பிசைந்து கொடுத்தது நல்ல பலன் தந்தது. முடி மினுங்கியது, சித்திரை வெயிலில் புல் காய்ந்த காலத்திலும் உடம்பு விழவில்லை. இன்னும் வளரட்டும் என்று ஒரு கன்றுக்கு 150 மில்லிக்கு ஏற்றினேன். சாணி இளகியது, சோளத்தட்டைத் தொடவில்லை. காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. நார்ச்சத்தைச் செரிக்க வைப்பவை இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள். எண்ணெய் அதிகமானால் அவை மந்தமாகிவிடும், தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் அதில் வலுவானது. உலர் தீவனக் கணக்கில் மொத்தக் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 100 கிலோ கன்று மூன்று கிலோ உலர் தீவனம் தின்றால், தீவனத்திலேயே ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். மீதி இடம் கொஞ்சம்தான். 50 மில்லி எண்ணெயின் சக்தி, நூற்றுச் சொச்சம் கிராம் சோளத்தின் சக்தி, அவ்வளவுதான். பால் குறைத்துக் கொடுத்த கன்றை எண்ணெய் காப்பாற்றாது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், 15-ஆம் நாளில் தொடங்கி மாதாமாதம் குடற்புழு மருந்தும் செய்த வேலையில் காலே அரைக்கால்கூட எண்ணெய் செய்யவில்லை. பருத்திக்கொட்டையிலும் எண்ணெய் உண்டு, ஆனால் அதில் இருக்கும் காசிபோல் என்ற நச்சு சின்னக் கன்றுக்கு ஆகாது. எருதுகளுக்கு ஆட்டி ஊற்றுவதைப் பார்த்துக் கன்றுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

செத்துப்போன கன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019, முதல் வருடம். வயிறு உப்பி நின்றது. கடலை எண்ணெய் ஊற்றினால் நுரை உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், அது தப்பும் இல்லை. நான் தலையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்து, பாட்டிலை வாயில் வைத்துக் கவிழ்த்துவிட்டேன். நாக்கை இழுத்தால் கன்றால் விழுங்க முடியாது. இருமியது, மூக்கில் எண்ணெய் வந்தது. நுரையீரலில் இறங்கிய எண்ணெயை எந்த ஊசியாலும் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. கன்றின் மூக்கை அதன் கண் மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள், நாக்கைத் தொடாதீர்கள், கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இருமினால் உடனே தலையை இறக்கிவிடுங்கள்.

2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் கன்றுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். இப்போது செக்கில் ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும்தான். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருக்கும், ஆலையில் ரசாயனம் கொண்டு பிழிந்ததில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அதில் உள்ள நச்சு கன்றின் ஈரலைக் கெடுக்கும்.

கட்டுத்தறியில் இப்போது இருப்பது புரட்டாசியில் பிறந்த காளைக்கன்று, நெற்றியில் சுட்டி. டேப்பை எடுத்துக்கொண்டு போனால் முனையை வாயில் கவ்வ வருகிறது. மாசி வளர்பிறையில் காயடிக்க நாள் கேட்டிருக்கிறேன். வலிமருந்து டாக்டர் பையில் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், சீட்டு எழுதி வாங்கி முன்கூட்டியே வீட்டில் வைத்துவிடுவேன்.