ஏர் சஸ்பென்ஷன் வண்டியோடு ஆறு வருடம்: காற்றைவிடக் கரண்ட்தான் படுத்தியது

நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்னுடையது. இரண்டாம் கையாக வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வாங்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் பயமுறுத்தினார்கள்: "ரப்பர் பை கிழியும், காற்று இறங்கும், செலவு வைக்கும்." ரப்பர் பை இன்றுவரை ஒன்றுகூடக் கிழியவில்லை. இந்த ஆறு வருடத்தில் நான்கு முறை சஸ்பென்ஷன் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. நான்கு முறையும் கடைசியில் குற்றவாளி வயர், ரிலே, பேட்டரி, காயில் என்று கரண்ட் சம்பந்தப்பட்டதாகத்தான் இருந்தது. இதே மாதிரி வண்டி வைத்திருப்பவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை. காற்றை அடைக்க ஒரு கம்ப்ரஸர், அதிலுள்ள ஈரத்தை உறிஞ்ச ஒரு டிரையர், எந்தப் பைக்கு எவ்வளவு என்று பிரித்துவிட ஒரு வால்வு பிளாக். ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தையும் அளக்க ஒரு சென்ஸார். இவை எல்லாவற்றையும் கேட்டு முடிவெடுக்க ஒரு கன்ட்ரோல் யூனிட். 1957இல் காடிலாக் எல்டோராடோ புரோம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தபோது உயரத்தைச் சரிபார்த்தது வெறும் இயந்திர வால்வுதான். 1984இல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 வந்தபோது அந்த வேலை எலக்ட்ரானிக்ஸிடம் போய்விட்டது. அன்றிலிருந்து காற்று கூலியாள், கரண்ட்தான் மேஸ்திரி.

முதல் கோளாறு வாங்கி ஒன்றரை வருடத்தில். காலையில் போய்ப் பார்த்தால் வண்டி களைத்துப் படுத்த மாடு போலப் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்தால் எழும்பவில்லை, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. என்னிடம் வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஒரு சின்ன ஸ்கேனர் இருந்தது. செருகினேன், "கோளாறு எதுவும் இல்லை" என்றது. அப்புறம்தான் தெரிந்தது, அது இன்ஜின் சம்பந்தப்பட்ட 'பி' கோடுகளை (வண்டி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளை) மட்டும் படிக்கும் ரகம். சஸ்பென்ஷன் கோடுகள் 'சி' என்று தொடங்கும் சேசிஸ் வகை. அவற்றைப் படிக்க அந்த வண்டிக்கான மென்பொருள் உள்ள ஸ்கேனர் வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் வண்டி வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதுதான். மெத்தை உறையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல ஸ்கேனரில் பார்த்தபோது, அழுத்தம் ஏற அதிக நேரம் ஆகிறது, கம்ப்ரஸர் சூடாகிறது என்ற பொருளில் இரண்டு கோடு. பார்த்த மெக்கானிக் "கம்ப்ரஸர் போயிடுச்சு" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாற்றினோம். வண்டி எழும்பியது. இரண்டு மாதம் கழித்து அதே காலை, அதே படுத்த மாடு, அதே இரண்டு கோடு.

இந்த முறை வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. "கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீங்க சார். அதுக்குச் சோறு ஒழுங்கா போய்ச் சேருதான்னு முதல்ல பாருங்க" என்றார். மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கனெக்டரில் 11.6 வோல்ட். இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. தேடியதில் அதில் 2 வோல்ட், கம்ப்ரஸருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்சான ரிலேயில், கரண்ட் நுழையும் 30ஆம் பின்னுக்கும் வெளியேறும் 87ஆம் பின்னுக்கும் நடுவில் கிடைத்தது. ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தொடுமுனைகள் கருகி, குழி விழுந்திருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். கம்ப்ரஸர் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2 வோல்ட் பெருக்கல் 20, ஆக 40 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் தரும் சூடு. அது தீப்பெட்டியைவிடச் சின்ன ரிலேக்குள் உட்கார்ந்திருந்தது. ரிலே பொருத்தும் இடத்து பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகியிருந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பழசுதானே என்று விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் வோல்ட் குறைந்ததால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். அழுத்தம் ஏற அதிக நேரம் ஆகும். கன்ட்ரோல் யூனிட் பொறுத்துப் பார்த்துவிட்டு, சூடாகிவிடும் என்று பயந்து கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்படியானால் அந்தக் கோடு பொய் சொல்லவில்லை. அழுத்தம் ஏற நேரம் ஆகிறது என்றுதான் சொன்னது. கம்ப்ரஸர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியது நாங்கள்.

அத்தோடு அவர் விடவில்லை. "ரிலே ஏன் கருகுச்சு?" என்று அவரே கேட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர் கரைத்தார். பின் இடது பையின் மேலே குழாய் சேரும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழி. காதுக்குக் கேட்காத, கண்ணுக்குத் தெரியாத கசிவு. அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓட, ஒவ்வொரு முறையும் ரிலேயில் பொறி பறக்க, முனை கருக, வோல்ட் குறைய, கம்ப்ரஸர் இன்னும் அதிக நேரம் ஓட, பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற கதை. குழாயின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி பொருத்தி, புது ரிலே போட்டதும் எல்லாம் அடங்கியது. மாற்றிய கம்ப்ரஸர் வீண் செலவா என்றால், பாதி வீண். பழையது அதற்குள் நிறைய உழைத்திருந்தது. ஆனால் கம்ப்ரஸர் மாற்றும்போது ரிலேயை மாற்றாமல் விட்டது முழு முட்டாள்தனம். முனைகள் கருகுவதாவது பரவாயில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீரும், இல்லை மோட்டார் தீயும்.

அவரிடம் கற்ற ஒரு பாடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதற்கு முன்பே வயரையெல்லாம் மீட்டரில் 'பீப்' வைத்துப் பார்த்திருந்தேன், எல்லாம் சரி என்று கத்தியது. அந்தச் சோதனையில் மீட்டர் வயருக்குள் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். முப்பது இழை உள்ள வயரில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும். ஒற்றை இழைக் கயிற்றில் கைக்குட்டை காயப்போடலாம், கிணற்றில் வாளி இறைக்க முடியுமா? அதனால் கம்ப்ரஸர் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைக் கம்ப்ரஸரின் பிளஸ் பின்னிலும் வைத்தால், வழியில் தொலைந்த வோல்ட் நேராகத் திரையில் வரும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதே போல எர்த் பக்கம், கம்ப்ரஸரின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான். பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த் போல்ட்டை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கோளாறு மழைக்காலத்துக்குச் சொந்தமானது. நனைந்த சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பின் வலது மூலை தானாக எழும்பும், காய்ந்ததும் ஒழுங்காகிவிடும். கொண்டுபோய்க் காட்டும் நாளில் எப்போதும் வெயில். உயர சென்ஸாரில் மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ஸ்கேனரில் நேரடி அளவைத் திறந்து வைத்துக்கொண்டு சென்ஸாரின் கையை மெதுவாக அசைத்தால், சிக்னல் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்வரை குதிக்காமல் ஏறி இறங்க வேண்டும். என்னுடையதில் ஏறியது, ஆனால் கனெக்டரை ஆட்டினால் தவளை போலத் தாவியது. கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு. செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது என்பார்கள், தண்ணீர் புகுந்துவிட்டால் அது சீக்கிரமே முகம் காட்டும்.

துடைத்து, கிளீனர் அடித்து, கிரீஸ் வைத்து வெற்றிக் களிப்போடு வந்தேன். அடுத்த மழையில் மறுபடி. வயரின் மேலுறைக்குள் களிம்பு ஏறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. உரித்துக்கொண்டே போனேன், பளபளக்கும் செம்பு தெரிய ஒரு சாண் போக வேண்டியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புது வயரைக் கிரிம்ப் செய்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்ட பிறகு நான்கு மழைக்காலம் தாண்டிவிட்டது. தண்ணீர் எங்கே புகுந்தது என்று பார்த்தால், வயரின் உறையில் ஊசி குத்திய ஓட்டை. எனக்கு முன்னால் யாரோ மீட்டர் முனையைக் குத்திச் சோதித்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். தயவுசெய்து வயரைக் குத்தாதீர்கள், கனெக்டரின் பின்பக்கமாக முனையைச் செருகுங்கள்.

சென்ஸார் விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மீட்டரை எடுப்பதற்கு முன் குனிந்து சென்ஸாரோடு இணைந்த குட்டித் தண்டைப் பாருங்கள். அதன் பந்து கழன்றிருந்தாலும் கோடு மின்கோளாறு மாதிரிதான் வரும். அப்புறம், மூன்று சென்ஸார் ஒரே நாளில் கெட்டதாகக் கோடு வந்தால் மூன்றையும் வாங்க ஓடாதீர்கள். சில வண்டிகளில் 5 வோல்ட் எல்லாவற்றுக்கும் பொது, ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் ஆள்.

மூன்றாவதைக் கோளாறு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் என்று ஏழு கோடு ஒன்றாக வந்தது, அதில் சில 'யு' வகை, அதாவது வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்ற புகார். கையில் இருந்த ஸ்கேனரோடு அரை நாள் அலைந்தேன். பேட்டரி 11.9 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9க்குக் கீழே சரிந்தது, யூனிட்டுகள் மயங்கி விழுந்து எழுந்து ஆளுக்கொரு புகார் எழுதின. புது பேட்டரி, ஏழு கோடும் போயின. அதிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் முதல் அளவு பேட்டரிதான். ஒரு குறிப்பு: நிறுத்திய வண்டியில் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பவர்கள் சாவியை எடுத்த உடனே அளக்காதீர்கள். நிறுத்திய பிறகும் சஸ்பென்ஷன் யூனிட் விழித்திருந்து மட்டம் பார்க்கும். ஒரு மணி நேரமாவது தூங்க விடுங்கள், பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது எனக்குப் பிடித்தது. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி எடுத்தால் முன் இடது மட்டும் எழும்பாது, காலையில் சமர்த்தாக எழும்பும். வால்வு பிளாக்கில் வால்வுகளைத் திறந்துவிடும் கம்பிச் சுருள்களான நான்கு காயிலையும் மீட்டரில் ஓம் (மின்தடை) வைத்துப் பார்த்தேன், நான்கும் ஒரே அளவு. விட்டிருப்பேன். சூடானால்தானே வருகிறது என்று தோன்றியது. வீட்டிலிருந்த ஹேர் டிரையரை எடுத்து வந்து பிளாக்கின் மேல் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று காயில் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் முடிவிலி காட்டியது. சூட்டில் விரிந்து உள்ளே கம்பி விட்டுப்போகிறது. ஹேர் டிரையருக்கு என் மனைவி இன்னும் கணக்குக் கேட்கிறாள்.

இதற்கெல்லாம் நடுவில் நான் செய்த தப்புகள் சில உண்டு. எழுதி வைக்காமல் கோடுகளை அழித்தது. ஃபியூஸ் போகிறதே என்று ஒரு முறை பெரிய ஃபியூஸ் போட நினைத்தது (போடவில்லை, போட்டிருந்தால் அடுத்து உருகுவது வயர்). சென்ஸாரை மாற்றிவிட்டு உயரத்தை மறுபடி பதிவு செய்யாமல் இரண்டு வாரம் கோணலாக ஓட்டியது. அந்தப் பதிவுக்குச் சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்புவரை அளக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய விஷயம்: ஜாக்கி வைப்பதற்கு முன் ஜாக்கி மோடில் போட்டு சஸ்பென்ஷனை அணையுங்கள், வண்டியை ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். காற்றை நம்பி அடியில் படுக்கவே கூடாது. யூனிட் எப்போது விழித்துக் காற்றை விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடு என்று பலர் சொன்னார்கள். இரண்டாவது கோளாறின்போது நானும் மனதளவில் மாறியிருந்தேன். ஆனால் ஸ்பிரிங் போட்டாலும் யூனிட் காற்றுப் பையைத் தேடிக்கொண்டே இருக்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதை ஏமாற்ற இன்னொரு பெட்டி வேண்டும். அதோடு ஆறு பேரும் மூட்டையும் ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் போகிற சுகத்தை விட மனம் வரவில்லை. மீட்டர் பிடிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன். பொறுமை உள்ளவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

இப்போதைக்கு முன் வலது மூலை இரண்டு நாளில் ஒரு விரற்கடை இறங்குகிறது. கோடு எதுவும் இல்லை, கம்ப்ரஸர் கனெக்டரில் 13.7 வோல்ட் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீர் கரைக்க வேண்டும். கையோடு ரிலேயையும் ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிடுவேன்.