பத்து நிமிட ஓட்டத்தை நம்பி வாங்கிய பழைய பைக்

மதுரை பழங்காநத்தத்தில் குடியிருக்கும் நான், விருதுநகரில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் போகவர ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம் செய்கிறேன். பேருந்தில் நின்றுகொண்டே போய்வந்து அலுத்துப்போய், கடந்த தை மாதம் நகருக்குள் இருக்கும் ஒரு பழைய வண்டிக் கடையில், 2019ஆம் ஆண்டு மாடல் 125 சிசி பைக் ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயர் இங்கு வேண்டாம். ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

நெடுந்தூரம் ஓட்டினாலும் முதுகு வலிக்கக்கூடாது, சில ஆண்டுகளாவது செலவு வைக்காமல் உழைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "அண்ணே, உங்களுக்குன்னே எடுத்து வச்ச மாதிரி ஒரு வண்டி கிடக்கு, சிங்கிள் ஓனர்" என்று கடைக்காரர் காட்டிய வண்டியில் மீட்டர் 17,400 கிலோமீட்டர் காட்டியது. இரண்டு டயர்களும் புதியவை, சீட்டு இலவம்பஞ்சு மெத்தை போலிருந்தது. காளவாசல் வரை பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

முதல் நாளே கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி வேகம் அறுபதைத் தொட்டதும் ஹேண்டில் பார் நடுங்கத் தொடங்கியது. கள்ளிக்குடியை நெருங்குவதற்குள் இடுப்புக்குக் கீழே இரும்புத் தகட்டில் உட்கார்ந்திருப்பது போல வலித்ததால் சாலையோரம் நிறுத்தி இறங்கிவிட்டேன். மறுநாள் மெக்கானிக் சீட்டின் புதிய ரெக்சினைக் கிழித்துக் காட்டினார். கம்பெனி ஸ்பாஞ்சு அழுந்தி இரண்டு விரல் தடிமனாகியிருக்க, அதன்மேல் மெத்தைக்குப் போடும் மிருதுவான ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். மிருதுவான ஸ்பாஞ்சு கடையில் உட்காரும்போது சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் முழுவதும் அமுங்கிவிடும். தொலைதூரம் ஓட்டுபவருக்குக் கெட்டியான ஸ்பாஞ்சுதான் தாங்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் தேய்ந்திருந்தது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆடியது, ஷாக் அப்சர்பரில் கசிந்த ஆயிலைத் துடைத்து மறைத்திருந்தார்கள். "சார், டயர் தேதியப் பாக்கலையா?" என்று மெக்கானிக் கேட்டார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; இரண்டு டயர்களிலும் ஆண்டு 23 என்றிருந்தது. 17,400 கிலோமீட்டரே ஓடிய வண்டிக்கு முன் டயரையும் சேர்த்து மாற்றவேண்டிய தேவை என்ன என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கால் வைக்கும் ரப்பரோ வரி தெரியாமல் மழுங்கிக் கிடந்தது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, 2022இல் சர்வீஸுக்கு வந்தபோதே 46,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்ததாகப் பதிவு இருந்தது.

கடைக்காரர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய உரிமையாளர் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த 29, 30ஆம் எண் படிவங்களில்தான் பெயர் மாற்றம் நடந்ததால் காகிதத்தில் கடையின் பெயர் எங்குமே இல்லை. என்னிடம் இருப்பது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைக் காட்டச் சொல்லியிருந்தால் அப்போதே விலகியிருப்பேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றாலும், முறையான பில் இல்லாமல் எதைக் காட்டி அந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று நிறுவுவது?

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வீஸ் பதிவைக் கேட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் திருமங்கலம் வரையாவது ஓட்டிப் பாருங்கள். அதற்கு மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். இதுவரை 9,000 ரூபாய்க்கு மேல் செலவழித்ததில் ஹேண்டில் நடுக்கம் நின்றிருக்கிறது. சீட்டுக்குச் சொல்லிவைத்த கெட்டி ஸ்பாஞ்சு இன்னும் வராததால், பழைய போர்வை ஒன்றை நான்காக மடித்துப் போட்டுத்தான் விருதுநகர் போய்வருகிறேன்.