சர்வர் போடப் போறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் பணத்தைக் குடுங்க

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் கடை, மில் வச்சிருக்கவங்க யாராவது சர்வர் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவா கணக்கை வச்சிருக்க மெஷின்) போட யோசிச்சா தயவுசெஞ்சு படிங்க. 38,500 ரூபாய் போச்சு. மெஷின் விலை தனி. உள்ள போடுற விண்டோஸ் சர்வருக்கு மட்டும் 38,500 ரூபாய். அது மைக்ரோசாஃப்ட் தளத்துல யார் வேணும்னாலும் காசில்லாம இறக்கிக்கிற 180 நாள் சோதனைப் பதிப்புன்னு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது.

எங்களுக்கு உரக்கடை. கடை, குடோன், எதிர்த்தாப்புல விதைக்கடை, எல்லாம் சேர்த்து எட்டு கம்ப்யூட்டர். டாலி கணக்கு ஒரே இடத்துல இருக்கணும், விவசாயி பாக்கி எங்க இருந்து பார்த்தாலும் ஒண்ணாத் தெரியணும், அவ்வளவுதான் தேவை. பாளையங்கோட்டையில கம்ப்யூட்டர் வித்து சர்வீஸும் பண்ற ஒரு கடைக்காரன் வந்தான். பேரைப் போடாதேன்னு வீட்டுல சொல்லுறாங்க, போடல.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா செலவு இல்லையாமே தம்பின்னு நான் கேட்டேன். "அது காலேஜ் பயலுவ படிக்கதுக்கு அண்ணாச்சி. யாவாரத்துக்கு ஒரிஜினல்தான். ஒருதடவ போட்டா ஆயுசுக்கும் கவலையில்ல. நான் இருக்கேம்லா, எதுக்கு யோசிக்கீய?" எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து காபி குடிச்சிக்கிட்டே சொன்னான். அப்பா அவன்கிட்ட, "நாப்பது வருசக் கடன் நோட்டு தம்பி, உன்ன நம்பித்தான் இதுல ஏத்துதோம்"னாங்க. அந்த மனுசன் கையைப் பிடிச்சுக்கிட்டு "எங்கப்பா மாதிரி நீங்க"ன்னான். இதைத்தான் என்னால பொறுக்க முடியல.

வேலை முடிஞ்சதும், "சர்வருக்கு மானிட்டர் எதுக்கு, கரண்டுதான் வேஸ்ட்"னு கழட்டி வச்சிட்டுப் போனான். சோதனைப் பதிப்புன்னா திரையில வலது கீழ் மூலையில இன்னும் எத்தனை நாள்னு எழுத்துல நிக்கும். அது யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் கழட்டியிருக்கான்.

சித்திரை கடைசியில வச்சது. ஐப்பசி கடைசியில, பிசானத்துக்கு நடவு நடந்து கடையில நிக்க இடமில்லாத நேரத்துல, சர்வர் தானா அணைய ஆரம்பிச்சுது. போட்டா ஒரு மணி நேரம் ஓடும், அணையும். யூரியா மூட்டைக்கு பில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே அணையும். டாலி டேட்டா கெட்டு, அதைச் சரி பண்ற ரீரைட் போட்டும் ரெண்டு நாள் பற்று வரவு திரும்பி வரல. யார் எத்தனை மூட்டை கடன்ல கொண்டு போனாங்கன்னு ஒவ்வொரு விவசாயியா போன் போட்டுக் கேக்குறோம்.

அவனைக் கூப்பிட்டா முதல்ல வோல்டேஜ் பிரச்சனைன்னான். யூபிஎஸ் பேட்டரி மாத்தச் சொன்னான், அதையும் மாத்தினோம். அப்புறம் உங்க ஆளுவ என்னத்தையோ நோண்டிட்டாவன்னான். நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன். கடைசியில கடைப் பையன் எடுத்து, "ஓனர் வெளியூர் போயிருக்காவ"ன்னு வச்சிட்டான். 38,500 ரூபாய் வாங்கும்போது மட்டும் ஓனர் உள்ளூர்லதான் இருந்தாரு.

பெங்களூர்ல வேலை பாக்குற அத்தை மகன் போன்ல சொல்லச் சொல்ல மானிட்டரை மாட்டிப் பார்த்தோம். இவாலுவேஷன்னு எழுதியிருக்கு, காலம் முடிஞ்சாச்சுன்னு இருக்கு. 180 நாள் முடிஞ்சா மணிக்கொரு தடவ அணையும், அதோட விதியே அதுதானாம். பில்லை எடுத்துப் பார்த்தா "சாஃப்ட்வேர், இன்ஸ்டலேஷன்"னு ஒத்தை வரி. கீ கிடையாது, லைசென்ஸ் தாள் கிடையாது.

அத்தை மகன் இன்னொண்ணும் சொன்னான். ஒரிஜினல் விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் வாங்கினாலும் அத்தோட முடியாதாம், அதைத் தொடுற ஒவ்வொரு ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ கால் (CAL)னு தனி உரிமம் வாங்கணும். எங்களை மாதிரி சின்ன கடைக்கு 25 பேர் வரைக்கும் அந்தக் கால் இல்லாமலே எசென்ஷியல்ஸ்னு ஒரு பதிப்பு இருந்திருக்கு. ஃபோல்டரைப் பகிர்றது மட்டும்தான் வேலைன்னா லினக்ஸ் வகையில டெபியனோ உபுண்டுவோ போட்டு, சாம்பான்னு ஃபோல்டர் பகிர்ற சாஃப்ட்வேர் வச்சாப் போதும், லைசென்ஸ் காசு ஒரு ரூபாய் கிடையாது. உபுண்டுவோட நீண்ட கால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸுக்கு அஞ்சு வருசம் பாதுகாப்பு அப்டேட்டும் இலவசம். காலேஜ் பயலுவ படிக்கதுக்குன்னு அவன் தள்ளினது இதைத்தான்.

எதை எதைப் போடலாம், என்ன செலவுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். இப்ப முடியல, வாசல்ல ஆள் நிக்குது. அவன் தென்காசிப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு கொட்டேஷன் குடுத்திருக்கான்னு கேள்விப்பட்டதால இதையாவது போடுறேன்.

சர்வர் வச்ச அன்னைக்கே மானிட்டரை மாட்டச் சொல்லுங்க. செட்டிங்ஸ்ல அபௌட் திறந்து இவாலுவேஷன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா காசு குடுக்காதீங்க. பில்லுல எந்தப் பதிப்பு, எத்தனை உரிமம்னு எழுதி வாங்குங்க. கணக்கை தினமும் வேற டிஸ்க்ல ஒரு காப்பி எடுங்க. ஏற்கெனவே அவன்கிட்ட வாங்கினவங்க இன்னைக்கே திறந்து பாருங்க, நாள் முடியுறதுக்குள்ள டேட்டாவை வெளியே எடுத்துருங்க.