சிவப்பு கொலம்பைன் நாற்று: செடிக்கு முழு மார்க், குறிப்புச்சீட்டுக்குப் பூஜ்யம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பாறை இடுக்குகளில் தானாக வளரும் செடி இது. நாட்டுச் செடிகள் விற்கும் ஒரு நர்சரியில் வாங்கினேன். நாற்று நல்ல திடம், வேரும் அருமை. ஆனால் கூடவே வந்த சீட்டில் "தினமும் தண்ணீர்" என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பி ஊற்றினால் வேர் அழுகிவிடும்! சரளை கலந்த, நீர் தேங்காத மண், மதியம் கொஞ்சம் நிழல், வேர் பிடிக்கும்வரை ஒழுங்காகத் தண்ணீர், அவ்வளவு போதும்.

வசந்தத்தில் தலைகவிழ்ந்து தொங்கும் பூவை நிமிர்த்திப் பாருங்கள். வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள், பின்பக்கம் நீளும் ஐந்து குழல்கள், அவற்றின் நுனியில் தேன். ஹம்மிங்பேர்டு என்ற தேன் குடிக்கும் குட்டிப் பறவை அதைத் தேடி வருவதைப் பார்க்கவே இந்தச் செடியை வைக்கலாம்.

இலையில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தால் பயப்படாதீர்கள், இலைத்துளைப்பான் புழுவின் வேலை அது. அந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் புதுசு துளிர்க்கும், மருந்தெல்லாம் வேண்டாம்.

செடிக்கு ஆயுசு சில வருடங்கள்தான், ஆனால் உதிர்ந்த விதையிலிருந்து குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அப்புறம், விதையாக வாங்குபவர்கள் குளிர்காலத்துக்கு முன்பே வெளியில் தூவிவிடுங்கள், மண்ணைப் போட்டு மூடாதீர்கள், முளைக்கக் குளிரோடு வெளிச்சமும் வேண்டும்.