சொல்லுக்கு இவ்வளவு: ஓர் எழுத்துப்பணித் தளம், டர்பனிலிருந்து பார்த்தால்

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் கட்டுரை எழுதவைக்கும் இந்தத் தளம் லண்டனிலிருந்து நடத்தப்படுகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தமிழில் எழுதும் நமக்கு அதில் சேர்வது சுலபம். 300 சொல்லில் ஒரு மாதிரிக் கட்டுரை, அடையாளச் சான்று, வங்கி விவரம், அவ்வளவுதான். வேலைக்குறிப்பும் தெளிவாக வருகிறது. யார் படிக்கப்போகிறார்கள், எந்தத் தேடுசொல் எத்தனை முறை வர வேண்டும், எதைத் தொடக்கூடாது எல்லாம் அதிலேயே இருக்கும். இந்த ஒழுங்குக்காகவே தளத்தைப் பாராட்ட வேண்டும்.

குறை கூலிக் கணக்கில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் சொல்லுக்கு ஒரே விலை. 'போகமுடியாதவர்களுக்காக' நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து சொல் வேண்டும். 800 சொல் நிரப்ப ஆங்கிலத்தில் எழுதுபவரைவிட நாம் கூடுதலாகத் தேடிப் படித்தாக வேண்டும், கூலி மட்டும் கூடாது. 'வந்து கொண்டிருக்கிறார்' எனப் பிரித்தால் இரண்டு, சேர்த்தால் ஒன்று. எண்ணிக்கைக்காகச் சொல்லைப் பிளக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், நடை பாழாகிவிடும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் சொல்லெண்ணிக்கைக்கு விலை கேளுங்கள். சொந்தக் கட்டுரை என்றால் கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வேலையை ஏற்கும் பொத்தானை அழுத்துமுன் பேசிவிட வேண்டும், அழுத்தியபின் விலை மாறாது.

தேடல் முடிவில் தெரியும் சுருக்கத்தை எழுதும் பெட்டியில் 155 எழுத்துக்கு இடம் உண்டு. ஆனால் 'தமிழ்' அந்தப் பெட்டிக்கு மூன்றெழுத்து அல்ல, ஐந்து: த, ம, மேல்விலங்கு (ி), ழ, புள்ளி. ஆகவே நம் கணக்கில் தொண்ணூறு எழுத்துக்குள் முடிப்பது நல்லது. இல்லாவிட்டால் வாக்கியம் பாதியில் அறுந்து, திருத்தச் சொல்லித் திரும்பி வரும்.

இரண்டு திருத்தம் இலவசம். குறிப்பில் இல்லாததைத் திருத்தம் என்று கேட்டால், குறிப்பில் என்ன இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டித் தளத்தின் செய்திப்பெட்டியிலேயே பதில் எழுதுங்கள். மின்னஞ்சலில் பேசியது புகாரின்போது செல்லாது. 'எந்திரம் எழுதியது' என்ற முத்திரையும் சில நேரம் விழுகிறது. தமிழில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. கூகுள் டாக்ஸில் எழுதினால், எப்போது எந்த வரி சேர்ந்தது என்ற திருத்த வரலாறே சாட்சியாகும்.

கெடு லண்டன் நேரத்தில். மாலை 5 மணி என்றால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு 6, மற்ற மாதங்களில் 7. மின்வெட்டுக்காகக் கெடு நீளாது, ரௌட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் அவசியம்.

நிராகரிக்கப்பட்ட கட்டுரை யாருடையது? உங்களுடையதுதான். பணம் வந்தபின்தான் உரிமை மாறும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது என்பதில் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றுபடுகின்றன. தைரியமாக வேறிடத்தில் கொடுங்கள்.

கையில் வருவது எவ்வளவு? சொல்லுக்கு 3 பென்ஸ் வீதம் 800 சொல்லுக்கு 24 பவுண்டு, தளத்தின் 20 சதவீதம் போனால் 19.20. ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிப்பதால் மாதம் ஒருமுறை மொத்தமாக எடுப்பதே லாபம். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் வங்கி கேட்கும். அன்பளிப்பு என்று போடாதீர்கள், செய்த சேவைக்கான கட்டணம் என்றே குறியுங்கள். வரி பிடிக்காமல் வரும் பணம் இது. வருமான வரியை முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டுவதற்கான ஐஆர்பி6 படிவத்தை ஆகஸ்ட் முடிவிலும் பிப்ரவரி முடிவிலும் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கென ஒரு பங்கை வந்த அன்றே தனிக்கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.